அப்பா வார்டு டியூட்டி

அக்கா: யாராவது விழித்திருக்கிறீர்களா? அப்பாவுக்கு டயப்பர் மாற்றும்போது பார்த்தேன், வால் எலும்புக்கு மேலே கட்டைவிரல் அகலத்துக்குச் சிவந்திருக்கிறது. தோல் உரியவில்லை.

அண்ணி: விரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்துப் பாரும்மா. வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தால் அவ்வளவு பயமில்லை.

அக்கா: அழுத்தினேன் அண்ணி. வெளுக்கவே இல்லை. சுற்றிலும் உள்ளதைவிடக் கொஞ்சம் சூடாகவும் இருக்கிறது.

அண்ணி: அப்படியென்றால் படுக்கைப்புண்ணின் முதல் நிலை. காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காதே, இப்போதே டியூட்டி நர்ஸிடம் காட்டி நோட்டில் எழுதச் சொல்.

சித்தி: எண்ணெய் வைத்து நன்றாகத் தேய்த்துவிடு கண்ணு, ரத்தம் ஓடும்

அண்ணி: ஐயோ சித்தி, அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது, உள்ளே ஏற்கெனவே நசுங்கிப்போன சதை அது. நடுவில் ஓட்டை வைத்த வளையத் தலையணையும் வேண்டாம், விளிம்பு அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும்.

நான்: ஏர் பெட்தானே போட்டிருக்கிறோம், அப்புறம் எப்படி?

அண்ணி: ஏர் பெட் அழுத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். திருப்புகிற வேலை நம்முடையது. தம்பி, கடைசியாக எப்போது திருப்பினாய்?

நான்: பத்து மணிக்கு. நன்றாகத் தூங்கினார், எழுப்ப மனசு வரவில்லை. சாப்பாட்டுக்குத் தூக்கிய தலைமாட்டையும் இறக்கவில்லை 😔

அண்ணி: அதுதான். தலைமாடு உயரமாக இருந்தால் ஆள் மெல்லக் கீழே சறுக்குவார், தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும், எலும்பு மட்டும் உள்ளே நகரும், நடுவில் ரத்தக்குழாய் முறுக்கிக்கொள்ளும். சாப்பிட்டுச் சற்று நேரம் கழித்து 30 டிகிரிக்குள் இறக்கிவிட வேண்டும். சரி, நடந்தது நடந்துவிட்டது. இப்போது இரண்டு பேருமாக விரிப்பைப் பிடித்துத் தூக்கித் திருப்புங்கள், இழுக்காதீர்கள். முழுக்க ஒருக்களிக்க வேண்டாம், இடுப்பு எலும்பு குத்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துப் பாதிச் சாய்வு போதும்.

அக்கா: இடது பக்கம் சாய்த்தாயிற்று. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

அண்ணி: குதிகால்?

அக்கா: மெத்தையில்தான் படுகிறது

அண்ணி: கெண்டைக்காலுக்குக் கீழே நீளவாட்டில் தலையணை வை, குதிகால் அந்தரத்தில் நிற்கட்டும். அப்படியே மூக்கில் வைத்த ஆக்ஸிஜன் குழாய் காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா என்றும் பார், அங்கே யாரும் பார்ப்பதில்லை.

அக்கா: காதுக்குப் பின்னால் தடம் விழுந்திருக்கிறது 😟 லேசாகத்தான். தளர்த்திவிட்டேன்.

சித்தி: காலையில் நான் வருகிறேன், யாராவது பட்டியல் எழுதி ஒட்டுங்கள்

நான்: கட்டிலில் ஒட்டிவிட்டேன் சித்தி. 2.20 இடது. அடுத்தது 4.20 வலது, அலாரம் வைத்திருக்கிறேன். அக்கா, நீ தூங்கு.