கெட்ட வார்த்தை இல்லாட்டி சிரிப்பு வராதா?

டிக்கோயாக்காரி:
போயா, அதான் பௌர்ணமி லீவு அன்னிக்கு வீட்டுல எல்லாரும் உக்காந்து ஓடிடியில ஒரு தமிழ் காமெடி தொடர் போட்டோம். முதல் 10 நிமிஷத்துல 11 தரம் அம்மாவை இழுத்துட்டானுங்க. எண்ணினது நான் இல்ல, எங்க அப்பாயி, அப்பாவோட அம்மா. "இவனுக்கு வேற பேச்சே தெரியாதா?"ன்னு கேட்டுச்சு. முதல் தரம் எனக்கும் சிரிப்பு வந்துச்சு, பொய் சொல்லல. நாலாவதுக்கு அப்புறம் சலிச்சுப்போச்சு.

மஸ்கெலியா87:
அக்கா, உங்க அப்பாயி தண்ணி பிடிக்கிற பீலிக்கரையில கேக்காத வார்த்தையா? தேயிலைத் தோட்டத்துல 10க்கு 12 அடி ஒத்தை அறைக் காம்பராவுல வளர்ந்தவங்க நாம. பக்கத்து வீட்டுச் சண்டை முழுசும் சுவரைத் தாண்டி நம்ம வாசல் இஸ்தோப்புக்கு வரும். படத்துல மட்டும் ஆட்டோக்காரன் செந்தமிழ் பேசணுமா?

டிக்கோயாக்காரி:
பீலிக்கரையில திட்டினா காரணம் இருக்கும் தம்பி. யாராவது குடத்தை நகத்தி வச்சிருப்பா. அன்னிக்கு விழுந்த ஒரு வார்த்தைக்கு மூணு மாசம் ரெண்டு வீட்டுக்கும் பேச்சு இருக்காது. இங்க "டீ குடிக்கிறியா"ன்னு கேக்கவே அந்த வார்த்தைதான்!

நானுஓயா டீச்சர்:
1964இல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில் பாலையாவுக்கு நாகேஷ் பேய்க்கதை சொல்வாரே, அதில் ஒரு கெட்ட வார்த்தை உண்டா? குரலும் முகமும்தான். பாலையா மிரள மிரள நமக்குச் சிரிப்பு கூடும். வாய்க்கு வந்ததைப் பேச ஆள் எழுதித் தர வேண்டியதில்லை.

பசறையான்:
நாகேஷைத் தூக்கி வச்சா யாரு பேச முடியும் டீச்சர்! தியேட்டர் படத்துக்கு இந்தியாவுல இன்னும் சென்சார் இருக்கு, வார்த்தையை ம்யூட் பண்ண வைப்பாங்க. ஓடிடிக்கு அது இல்ல. 2021 விதிப்படி 13+, 16+னு வயசை அவங்களே போட்டுக்கணும். அவுத்து விட்ட கன்னுக்குட்டி கொஞ்ச நாள் துள்ளத்தான் செய்யும். வயசைப் பாக்காம அப்பாயியோட உக்காந்தது யார் குத்தம்?

டிக்கோயாக்காரி:
16+னுதான் போட்டிருந்துச்சு. அப்பாயிக்கு 81. தாராளமா பாக்கலாம்.

மஸ்கெலியா87:
😂 சரி, பழைய காமெடி மட்டும் சுத்தமா? செந்தில் தலையையும் உடம்பையும் சொல்லிக் கவுண்டமணி திட்டினப்ப விழுந்து விழுந்து சிரிச்சோமே. கொழும்புல நான் வேலை செஞ்ச இடத்துல என்னைத் "தோட்டக்காட்டான்"னு கூப்பிட்டுச் சிரிப்பாங்க. அது கெட்ட வார்த்தைப் பட்டியல்லயே இல்ல, யாரும் பீப் போட மாட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் உள்ள குத்துது. தெருவுல வாங்கின எந்த வசவும் எனக்கு ஞாபகமில்ல.

நானுஓயா டீச்சர்:
இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை தம்பி. ஆனால் அந்த வசவுகளையும் ஒருமுறை யோசியுங்கள். சண்டை இரண்டு ஆண்களுக்குள், வார்த்தை விழுவதோ வீட்டில் இருக்கும் அம்மா மேல், அக்கா மேல். உங்களுக்கு ஞாபகமில்லை என்றால், விழுந்தது உங்கள் மேல் இல்லையே.

மஸ்கெலியா87:
ம்ம். இந்தக் கோணத்துல நான் பாக்கல. ஆனாலும் தடை போடணும்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன்.

பசறையான்:
தடை யாரு கேட்டா? எங்க தோட்டத்துல மாசி மாசம் காமன் கூத்து ஆடுவாங்க. கோமாளி கங்காணியையும் தொரையையும் பச்சையாவே கிழிப்பாரு, பொம்பளைங்களும் சேர்ந்துதான் சிரிப்பாங்க. ஆனா முன்வரிசையில யார் உக்காந்திருக்காங்கன்னு பாத்துட்டுத்தான் வாயைத் திறப்பாரு. ஒரு ராத்திரிக்கு ரெண்டு வார்த்தை, மறுநாள் கொழுந்து மலை முழுக்க அதே பேச்சு. இந்தத் தொடர்க்காரனுக்கு முன்வரிசை தெரியல.

டிக்கோயாக்காரி:
முன்வரிசை இப்ப அடுத்த எபிசோடு போடச் சொல்லுது. பென்சிலும் தாளும் எடுத்து வச்சிருக்கு, எண்ணிக்கை விட்டுப்போகக் கூடாதாம்.