வலப் பக்கத்துப் பதக்கங்கள்: அன்சாக் நாளில் நாங்கள் சந்தித்தவர்கள்

கான்பராவில் வசிக்கும் உறுப்பினர்:

ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினரை (அன்சாக்) நினைவுகூரும் நாள் ஏப்ரல் 25. ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்ற பிறகு வந்த முதல் அன்சாக் நாளன்றுதான், கான்பராவில் உள்ள போர் நினைவகத்தின் முன் நடைபெறும் விடியற்கால நினைவு நிகழ்வுக்குச் சென்றேன். இருளில் ஆயிரக்கணக்கானோர் நின்றிருந்தும், இடையிடையே கேட்ட இருமலைத் தவிர வேறு ஓசையே இல்லை. எனக்கு அருகில் நின்ற சிறுவனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கலாம். கோட்டின் வலப் பக்கத்தில் மூன்று பதக்கங்களைக் குத்தியிருந்தான். பள்ளியில் வாங்கியவையோ என்று அவன் பாட்டியிடம் கேட்டுவிட்டேன். இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. தாமே ஈட்டிய பதக்கங்களை இடப் பக்கத்திலும், முன்னோர் ஈட்டியவற்றை வலப் பக்கத்திலும் அணிவதுதான் மரபு என்று அவர் பொறுமையாக விளக்கினார். அவை அவருடைய தாத்தாவின் பதக்கங்கள். அந்தத் தாத்தா 1915-இல் துருக்கியின் கலிப்போலி தீபகற்பத்தில் கரையிறங்கியவர்.

ஆறு குடியேற்றப் பகுதிகள் இணைந்து 1901 ஜனவரி 1 அன்று ஆஸ்திரேலியா என்ற ஒரே நாடானபோது அங்கே போரும் இல்லை, புரட்சியும் இல்லை. வாக்கெடுப்புகளும் ஒரு சட்டமுமே அதைச் செய்து முடித்தன. ஐம்பது லட்சம் மக்கள்கூட இல்லாத அந்த இளம் நாட்டிலிருந்து முதல் உலகப் போருக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் படையில் சேர்ந்தனர். அவர்களில் சுமார் 60,000 பேர் உயிருடன் திரும்பவில்லை. கட்டாய ஆள்சேர்ப்பு 1916-இலும் 1917-இலும் மக்கள் வாக்கெடுப்பில் தோற்றுப்போனதால், கடல் கடந்து சென்ற அத்தனை பேரும் தாமாக முன்வந்தவர்கள். கலிப்போலியோ தோல்வியில் முடிந்த படையெடுப்பு. எட்டு மாதம் மலைச்சரிவுகளில் முடங்கிக் கிடந்துவிட்டு, டிசம்பரில் அன்சாக் கரையைக் காலிசெய்துவிட்டு வந்தார்கள். தோற்ற படையெடுப்பின் முதல் நாளான ஏப்ரல் 25-ஐ ஒரு நாடு தன் பிறந்தநாளைப் போலக் கருதுவது எனக்கு நெடுநாளாக விளங்காத ஒன்று. அதையும் அந்தப் பாட்டியிடமே கேட்டேன்.

“வென்றோமா தோற்றோமா என்று எங்கள் வீட்டில் பேச்சே எழுந்ததில்லை. யார் யாரை அங்கே விட்டுவிட்டு வந்தோம் என்று தாத்தா சொல்வார், அதுவும் ஆண்டுக்கு இந்த ஒரு நாள்தான்” என்றார்.

நினைவகத்தின் வெண்கலப் பலகைகளில் இறந்தவர்களின் பெயர்கள் பதவிக் குறிப்பு ஏதுமின்றிப் பொறிக்கப்பட்டுள்ளன. ஆநிரை மீட்கப் போய் மடிந்தவனுக்கு நடுகல் நாட்டிய மரபில் வந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஆனால் அன்று அங்கிருந்து நேராக வீடு திரும்பியிருந்தால் பாதியைத்தான் பார்த்திருப்பேன்.

நிகழ்வு முடிந்ததும் ஒரு சிறு கூட்டம் நினைவகத்தின் பின்புறம், எயின்ஸ்லி குன்றின் அடிவாரத்து மரங்களுக்கிடையே நடந்து சென்றது. நானும் பின்தொடர்ந்தேன். பாறை ஒன்றில் பதித்த சிறிய பலகையொன்றுதான் அங்கே இருக்கிறது. படையில் பணியாற்றிய பூர்வகுடி மக்களுக்கான நினைவுச்சின்னம் அது. அங்கே நின்ற நடுவயதுப் பெண்மணியும் வலப் பக்கத்தில் பதக்கங்களை அணிந்திருந்தார். ஐரோப்பிய வம்சாவளி பெருமளவில் இல்லாதவர்களைப் படையில் சேர்க்கக் கூடாது என்று அன்றைய விதிகள் கூறியதையும், 1917-இல் ஆள் பற்றாக்குறை முற்றியபோது அது தளர்த்தப்பட்டதையும், அதற்கு முன்பே தன் கொள்ளுத்தாத்தா தன் குலத்தை மறைத்துப் படையில் சேர்ந்துவிட்டதையும் அவர் சொன்னார். போர்முனையில் எல்லோருக்கும் ஒரே சம்பளம், ஒரே பதுங்குகுழி. ஊர் திரும்பியபோது, போர் முடித்து வந்தவர்களுக்கு அரசு நிலம் வழங்கியது; அந்தக் கொள்ளுத்தாத்தாவுக்குக் கிடைக்கவில்லை, அவரைப் போன்ற மிகப் பலருக்கும் கிடைக்கவில்லை. “நாடு பிறந்த இடம் கலிப்போலி என்கிறார்கள். எங்களுக்கு நாடு அதற்கு முன்பே இருந்தது” என்றபோது அவர் குரலில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. நான் பதில் ஏதும் சொல்லவில்லை. சொல்லும் உரிமையும் எனக்கு இல்லை என்றே தோன்றியது.

மெல்பர்னில் வசிக்கும் உறுப்பினர்:

என்னுடன் பணிபுரியும் துருக்கியர் ஒருவர், ஏப்ரல் விடுமுறைக்கு முந்தைய நாள் தேநீர் வேளையில், “நாளை நீங்கள் நினைவுகூரும் போரில் மறுபக்கத்துக் குழியில் இருந்தவர் என் பாட்டியின் தந்தை” என்றார். அவர்கள் தரப்பில் 80,000-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அவர்களுடைய நினைவுநாள் மார்ச் 18. அங்கே ஒரு படைப்பிரிவை வழிநடத்திய முஸ்தபா கெமால்தான் 1923-இல் துருக்கிக் குடியரசை நிறுவினார். ஒரே மலைமுகட்டை இரண்டு நாடுகள் தத்தம் பிறப்பிடமாகச் சொல்லிக்கொள்வதை அந்தச் சக பணியாளர் சற்றே சிரிப்புடன்தான் கூறினார். கான்பராவில் போர் நினைவகத்துக்கு எதிரிலேயே கெமாலுக்கும் நினைவுச்சின்னம் இருக்கிறது. எதிர்ப்படையின் தளபதிக்கு இத்தகைய இடம் கொடுத்த வேறொரு தலைநகரை நான் பார்த்ததில்லை.

சிட்னியில் வசிக்கும் உறுப்பினர்:

என் மகளின் வகுப்பில், குடும்பத்தில் போருக்குச் சென்ற ஒருவரைப் பற்றி எழுதி வரச் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் அப்படி எவரும் இல்லை. ஆசிரியையிடம் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, 1915 ஏப்ரல் 25 அன்றே இந்திய மலைப் பீரங்கிப் படையினர் அன்சாக் கரையில் இறங்கியதையும், தண்ணீரையும் வெடிமருந்தையும் இந்தியர்கள் ஓட்டிய கோவேறு கழுதைகள் சுமந்து மேலேற்றியதையும் அவர்தாம் எனக்கு எடுத்துச் சொன்னார்! கலிப்போலியில் சுமார் 15,000 இந்திய வீரர்கள் இருந்திருக்கிறார்கள். காயம்பட்டோரைக் கழுதையில் ஏற்றி வந்து புகழ்பெற்ற சிம்ப்சனும் இந்தியப் படையினரின் முகாமில்தான் தங்கியிருந்தாராம்.

மகள் யாருடைய பெயரையும் எழுதவில்லை. அட்டை முழுவதும் ஒரு கோவேறு கழுதையையும், அதன் கயிற்றைப் பிடித்தபடி தலைப்பாகை அணிந்த ஒருவரையும் வரைந்தாள். காதுகளின் நீளம் சரியாக வரவில்லை என்று இரண்டு முறை அழித்துவிட்டு மீண்டும் வரைந்தாள்.