வேலையாட்கள் விஷயத்தில் முதலாளிகள் சங்கம் உதவுமா? மலையகத்தில் பட்டவர்கள் சொல்லுங்கள்

பண்டாரவளை விடுதிக்காரர்:
எங்கள் விடுதியில் சமையல், அறை, தோட்டம் எல்லாம் சேர்த்து இருபது பேருக்கும் குறைவு. பெரும்பாலும் பூனாகலைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள். கை தேறியவர் கொழும்புக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுகிறார். புதியவர் தேறுவதற்குள் சீசன் முடிந்துவிடுகிறது. வர்த்தக சங்கத்தில் சேர், முதலாளிமார் சம்மேளனத்தில் சேர் என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். சந்தா கட்டிவிட்டு ஆண்டு விழாவில் மாலை வாங்கும் ஆசை எனக்கில்லை. வேலையாட்கள் தொடர்பில் உண்மையாகவே பயன் கண்டவர்கள் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற வெளிக்கள உத்தியோகத்தர், பொகவந்தலாவை:
தம்பி, நான் கண்டதைச் சொல்கிறேன். ஒரு நாள் மாலை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வாய்த்தகராறு முற்றி, ஒரு தொழிலாளி, வேலையை மேற்பார்க்கும் கங்காணியின் சட்டையைப் பிடித்துவிட்டார். தோட்ட முகாமையாளரான துரைக்குக் கோபம். “இன்றோடு அவன் பெயரை வெட்டு” என்றார். எங்கள் கம்பனி இலங்கை முதலாளிமார் சம்மேளனத்தில் உறுப்பினர். 1929இல் தொடங்கிய அமைப்பு அது. தோட்டச் சம்பளத்துக்காக முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து எழுதிய கூட்டு ஒப்பந்தம் என்றால் மலையகத்தில் சிறுபிள்ளைக்கும் அதன் பெயர் தெரியும். தலைமை அலுவலகம் அங்கே பேசியது. மறுநாள் வந்த பதில் துரைக்குப் பிடிக்கவில்லை: ஆளை நீக்காதீர்கள். குற்றச்சாட்டை அவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுங்கள். பதில் சொல்ல அவகாசம் கொடுங்கள். உள்ளக விசாரணையை வேறு தோட்டத்து அதிகாரி ஒருவர் நடத்தட்டும். தொழிலாளி தன் தொழிற்சங்கத் தலைவரை அழைத்து வந்தால் தடுக்காதீர்கள்.

விசாரணையில் வேறொரு கதை வெளியே வந்தது. மழை நாளில் ஈரத்துக்காகக் கழிக்கும் கிலோவை நல்ல வெயில் நாளிலும் கழித்துக்கொண்டிருந்தார்கள். தராசின் முகமோ நிறுப்பவர் பக்கம் மட்டும் திரும்பியிருந்தது. சட்டையைப் பிடித்தது பிழைதான். அதற்கு எச்சரிக்கைக் கடிதமும் வேறு டிவிஷனுக்கு மாற்றமும் கொடுத்தார்கள். தராசு எல்லோரும் பார்க்கும் பக்கம் திருப்பி வைக்கப்பட்டது. அதன்பிறகு அந்த மலையில் நிறுவைச் சண்டை பெரிதாக எழவில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சம்மேளனத்து அதிகாரி தொழிலாளி மேல் கொண்ட பரிவால் அப்படிச் சொல்லவில்லை. விசாரணையே இல்லாமல் நீக்கி, வேலைநீக்க வழக்கைக் கேட்கும் தொழில் நியாய சபைக்குத் தொழிலாளி போனால், நீக்கியது நியாயம் என்று காட்ட வேண்டிய சுமை முதலாளி தலையில் விழும். கையில் ஒரு காகிதமும் இருக்காது. அந்தக் கணக்குத்தான். கணக்காக இருந்தால் என்ன, ஒரு குடும்பத்தின் வேலை தப்பியது.

பயிற்சிக்கும் ஒரு வார்த்தை. அத்துருகிரியவில் தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகம் இருக்கிறது. 1979ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. கம்பனிகள் ஆட்களைப் பயிற்சிக்கு அனுப்பும். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கத்தியே வேலை வாங்கிப் பழகிய சில கங்காணிமார், போய்வந்த பிறகு வறட்சிக் காலத்தில் காலையிலேயே மலையைப் பார்த்து, “இன்று இந்தக் கிலோ வராது, அளவைக் குறையுங்கள்” என்று என்னிடம் வந்து நின்றார்கள். அதற்கு முன்பு கிலோ குறைந்தவர்களுக்கு மாலையில் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்டுவிட்டு, சண்டையை என் தலையில் கட்டுவார்கள்! எல்லோரும் மாறினார்கள் என்று சொல்லமாட்டேன். சிலர் மதிய உணவை மட்டும் புகழ்ந்தார்கள்.

தோட்டத் தொழிற்சங்கத் தலைவர், டிக்கோயா:
ஐயா சொன்ன சம்மேளனத்தை நான் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தவன். 2016இல் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 500 ரூபாய் அடிப்படை, 60 வருகைக்கு, 140 உற்பத்திக்கு, 30 தேயிலை விலைப்பங்குக்கு என்று கூட்டி 730 என்றார்கள். மழையில் கொழுந்து குறைந்தால் அந்த 140 எங்கே? 2019இல் அடிப்படை 700ஆகவும் விலைப்பங்கு 50ஆகவும் ஆனது. ஆயிரம் கேட்டு வீதியில் நின்ற எங்களுக்கு அதுவும் கசந்தது. சம்மேளனத்தைத் திட்டாத மேடை இல்லை. நானும் திட்டினேன், இன்றும் திட்டுவேன்.

ஆனால் 2021இல் சம்பளத்தை நிர்ணயிக்கும் அரசின் சம்பளச் சபை வழியாக ஆயிரம் ரூபாய் வந்தது, கூட்டு ஒப்பந்தம் போனது. பிறகுதான் அதற்குள் சம்பளம் தவிர வேறு என்னென்ன இருந்தன என்று தெரிந்தது. எங்கள் தோட்டத்தில் ஒரு நாளில் பறிக்க வேண்டிய கிலோ அளவை ஏற்றினார்கள், பக்கத்துத் தோட்டத்தில் வேலை நாளைக் குறைத்தார்கள். யாரிடம் போவது? முன்பு எங்கள் தலைமையகம் சம்மேளனத்தோடு பேசும். அங்கிருந்து கம்பனிக்கு, கம்பனியிலிருந்து துரைக்குச் செய்தி வரும். மெதுவாக வரும், ஆனால் வரும். இப்போது துரை “கம்பனியைக் கேள்” என்கிறார், கம்பனி “துரையைக் கேள்” என்கிறது. 1992இல் தோட்டங்களை 22 கம்பனிகளுக்குப் பிரித்தார்கள். அத்தனை பேரோடும் தனித்தனியே மல்லுக்கட்ட எந்தச் சங்கத்துக்குப் பலம் இருக்கிறது? முதலாளிகள் ஒன்றாக உட்கார்ந்தால்தான் நாங்களும் எதிரே உட்கார முடியும். தொழிற்சங்கக்காரன் வாயில் இந்தப் பேச்சா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

ஆடைத் தொழிற்சாலை மனிதவளப் பிரிவு, கண்டி:
அண்ணா, விடுதிக்கு ஏற்றதாக ஒன்று. பத்து வருடம் அடுப்படியில் நின்றவருக்குக் கையில் சான்றிதழ் இராது. அவரது அனுபவத்தையே மதிப்பிட்டு தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் வழி இருக்கிறது. உங்கள் ஊரிலேயே அரசின் சுற்றுலா, ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகத்துக்கு ஒரு பாடசாலையும் உண்டு. தனி விடுதியாகப் போய் இரண்டு பேருக்குப் பயிற்சி கேட்டால் யார் வருவார்? சங்கம் வழியாக ஆறேழு விடுதிகள் சேர்ந்து கேளுங்கள். பாடக்குறிப்பு தமிழில் வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான் போன ஒரு கருத்தரங்கில் எங்கள் மேற்பார்வையாளர்கள் பாதி நேரம் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மொழிபெயர்த்துத் தொண்டை கட்டியது எனக்கு.

பண்டாரவளை விடுதிக்காரர்:
நன்றி. பதினைந்து பேர் இருந்தாலே, வேலை விட்டுப் போகிறவருக்குப் பணிக்கொடை கொடுக்க வேண்டும் என்கிறார்கள். ஆட்களைப் பதினாலோடு நிறுத்திக்கொள் என்று ஒரு நண்பர் சொல்கிறார். சங்கத்துக்காரர்களும் இப்படித்தான் ஆலோசனை சொல்வார்களா?

ஓய்வுபெற்ற வெளிக்கள உத்தியோகத்தர், பொகவந்தலாவை:
சொல்பவர் எங்கும் இருப்பார், தம்பி. ஊழியர் வேலை விட்டுப் போகும் நாளுக்கு முந்திய பன்னிரண்டு மாதத்தில் ஏதாவது ஒரு நாள் பதினைந்து பேர் இருந்தாலே சட்டம் பிடிக்கும். சீசனுக்கு எடுத்த ஆளையும் எண்ணுவார்கள். ஐந்து வருடம் முடித்த மாதச் சம்பளக்காரருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். அதை மாதாமாதம் ஒதுக்கி வைத்தால் பாரம் தெரியாது. நல்ல சங்கத்து அதிகாரி முதல் சந்திப்பிலேயே நியமனக் கடிதங்களையும், சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதமும் ஊழியர் பங்கு 8 வீதமும் ஒழுங்காகப் போகிறதா என்பதையும் கேட்பார். சந்தாப் பணத்தை மட்டும் கேட்பவரிடம் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். இன்னொன்று: வழக்கு என்று வந்தால் பதுளைக்கு ஆள் அனுப்புவார்களா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு சேருங்கள்.