சில்வர்ஸ்டோனில் ஒரு பழைய பிஎம்டபிள்யூ எம்3 சூடேறியபோது பக்கத்தில் நின்றேன்

இங்கிலாந்தில் வேலை பார்த்த காலத்தில், ஒரு ஜூலை மாதக் கடைசியில் சில்வர்ஸ்டோன் ரேஸ் டிராக்கில் பழைய ரேஸ் கார்கள் ஓடும் சில்வர்ஸ்டோன் கிளாசிக் விழாவுக்குப் போனேன். டிக்கெட் இருந்தால் கார்களைத் தயார் செய்யும் பேடக்குக்குள்ளேயே போய்க் கார்களை ஒட்டி நிற்கலாம், அதற்காகவே போகலாம். குரூப் ஏ கார்கள், அதாவது சாலைக் கார்களை ரேஸுக்கு மாற்றியவை, நின்ற பக்கம் ஒரு ஈ30 (எண்பதுகளின் மாடல்) எம்3-ஐ ஸ்டார்ட் செய்து சூடேற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது! ஐடிலில் சீராகவே நிற்காமல் விட்டு விட்டு இருமுகிறது, மெக்கானிக் லேசாக ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் போதும், இருமல் போய் ஒரே அலறல், நெஞ்சுக்குள் அதிர்கிறது. நான் நகராமல் நிற்பதைப் பார்த்துவிட்டு அவரே கையசைத்துக் கூப்பிட்டு, திறந்திருந்த பானெட்டுக்குள் காட்டினார். நாலு சிலிண்டருக்கும் காற்றை விடும் த்ராட்டில் தனித்தனியாக, வரிசையாக. ஃபார்முலா ஒன்னுக்கு டர்போ இன்ஜின் செய்து கொடுத்த அதே பிஎம்டபிள்யூ இன்ஜினியர் பால் ரோஷெதான் எஸ்14 என்ற இந்த இன்ஜினையும் உருவாக்கினார். பிஎம்டபிள்யூவின் எம்1 ஸ்போர்ட்ஸ் காரின் ஆறு சிலிண்டர் ஹெட்டில் (இன்ஜினின் மேல்பகுதி) இரண்டைக் குறைத்து நாலாக்கி, பழைய எம்10 இன்ஜின் வழியில் வந்த இரும்பு பிளாக்கின் மேல் உட்கார வைத்தார்கள். 2.3 லிட்டர்தான், டர்போ கிடையாது, ஆனாலும் ரேஸில் சுமார் 300 குதிரைத்திறன். அத்தனையும் சுற்றிச் சுற்றியே எடுப்பது, 8000 ஆர்பிஎம்முக்கு மேல்.

பக்கத்திலேயே ஒரு ஃபோர்டு சியரா ஆர்எஸ்500 நின்றது. இன்ஜின் நிறுவனமான காஸ்வொர்த்தின் 2 லிட்டர் டர்போ, 1987-ல் 500 கார்கள் மட்டும் செய்து ரேஸுக்குத் தகுதி வாங்கினார்கள். ரேஸில் 500 குதிரைத்திறனைத் தாண்டும் இன்ஜின், பயங்கரமான வேகம், மறுக்கவே முடியாது. ஆனால் டர்போ பாதிச் சத்தத்தை விழுங்கிவிடுவதால் எனக்கு அது மனதில் ஒட்டவில்லை.

அப்புறம் ரேஸ். பெக்கெட்ஸ் வளைவுகளில் எம்3 சியராவின் பின்பம்பரை முட்டுகிற மாதிரி வரும், ஹேங்கர் ஸ்ட்ரெய்ட் வந்ததும் சியரா பறந்துவிடும், அடுத்த சுற்றில் மறுபடியும் அதே கதை. 1987 உலக டூரிங் கார் சாம்பியன்ஷிப்பில் அணிப் பட்டம் சியராக்களுக்கும், ஓட்டுநர் பட்டம் எம்3 ஓட்டிய ராபர்ட்டோ ரவாலியாவுக்கும் போனது ஏன் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டேன். இன்ஜின் அளவுப்படி பிரித்த வகுப்புவாரியாகப் புள்ளி கொடுத்ததும் ஒரு காரணம், சரி, ஆனால் வளைவில் அந்தக் கார் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

ஜெர்மனியின் டூரிங் கார் ரேஸ் தொடரான டிடிஎம்மில் ஓடிய 2.5 லிட்டர் எஸ்14-ஐ நேரில் கேட்டவர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.