ஆர்.ஓ. பிளான்ட் நிதியும் மேலே இருக்கும் ஓடைகளும்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

சேலத்தை ஒட்டிய நம் கண்ணங்குறிச்சியில் குடிதண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. பிளான்ட் வைக்க நிதி திரட்டுவதாக மாமா எழுதியிருந்தார். என் பங்கை இந்த வாரமே அனுப்பிவிடுகிறேன். ஆனால் இதுவரை வந்த மடல்கள் எல்லாமே குழாய்க்கு வந்த தண்ணீரைச் சுத்தம் செய்வதைப் பற்றித்தான். அது புறப்படும் மலையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

நம்மூர் மூக்கனேரிக்கு வரத்து சேர்வராயன் மலைச் சரிவிலிருந்து வரும் ஓடைகள்தான். ஏரி நிரம்பினால் சுற்றுவட்டாரக் கிணறுகள் ஊறும் என்பதை நாம் எல்லோரும் பார்த்து வளர்ந்தோம். மலை முழுக்கச் சார்னோக்கைட் என்னும் கெட்டிப் பாறை. தண்ணீர் தங்க அதன் மேல் கிடக்கும் மண்ணும், மக்கிய பாறையும், சில விரிசல்களும்தான் இடம். காபித் தோட்டத்தில் நிழல் மரமும் சருகும் இருக்கும்வரை மழை மெல்ல உள்ளே இறங்கும், பங்குனியிலும் ஊற்றாகக் கசியும். அந்த மேல்மண்ணை வழித்துவிட்டால் ஆயிரம் அடி போர் போட்டாலும் புழுதிதான் பறக்கும்.

போன ஐப்பசியில் அந்த மலை மேல் ஏற்காட்டில் இருக்கும் என் மனைக்குப் போயிருந்தேன். பக்கத்து மனையில் ஜேசிபி வைத்துச் சரிவை வெட்டி மட்டம் செய்திருந்தார்கள். ஒரே இரவு மழை. காலையில் ஓடை செம்மண் குழம்பாக ஓடியது. ஓடையிலிருந்து பத்தடி தள்ளி செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டியிருந்தார்கள். கீழே அதே ஓடையில் ஒரு பாட்டி குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் இங்கே இருப்பது அமெரிக்காவில், கேட்ஸ்கில் மலையில். நியூயார்க் நகரத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி இந்த மலைகளிலிருந்து போகிறது. அதை வடிகட்டுவதில்லை, குளோரினும் புற ஊதாக் கதிரும் மட்டும்தான். வடிகட்டும் நிலையம் கட்டப் பல நூறு கோடி டாலர் ஆகும் என்றதும், 1997-ல் நகரம் மலை ஊர்களோடு உட்கார்ந்து ஓர் உடன்பாடு செய்தது. கழிவுநீர் இறங்கும் குழி ஓடையிலிருந்து 100 அடி, நீர்த்தேக்கத்திலிருந்து 300 அடி தள்ளி இருக்க வேண்டும். நான் வீடு கட்டியபோது டேப் பிடித்து அளந்துவிட்டு, குழியை மேட்டுப் பக்கம் மாற்றச் சொன்னார்கள். அன்று எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் பழுதான செப்டிக் டேங்கைச் சரிசெய்ய மலைக்காரருக்கு நகரத்தின் பணம் வருகிறது, நிலத்தை விற்க விரும்பியவர்களிடம் நகரம் விலை கொடுத்து வாங்கியும் வந்திருக்கிறது. தண்ணீர் குடிப்பவர்களும் செலவில் பங்கெடுப்பதால்தான் இங்கே விதி நிற்கிறது. நம் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களிடமும் சிறு காபி விவசாயிகளிடமும் வெறுங்கையோடு போய் "இதைச் செய்யாதே" என்று சொல்வது நியாயமே இல்லை.

நம்மூரில் சட்டம் இல்லாமல் இல்லை. மலைக் கிராமங்களுக்கு ஹாக்கா என்னும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி முறை இருக்கிறது. 2007-ம் ஆண்டு ஏரிப் பாதுகாப்புச் சட்டம் பொதுப்பணித்துறை (இப்போது நீர்வளத்துறை) ஏரிகளின் ஆக்கிரமிப்பைப் பார்த்துக்கொள்ளும். பட்டா நிலத்துக்குள் ஓடும் சின்ன ஓடையின் கரையைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

சேலத்துக்குக் குடிதண்ணீர் கொடுக்க 1911-ல் கட்டிய பனமரத்துப்பட்டி ஏரி என்ன ஆனது? வரத்து குறைந்து, சீமைக்கருவேலம் மண்டியது. நகரம் மேட்டூர்க் குழாயை நம்பி நிற்கிறது.

என் வேண்டுகோள் இதுதான். நம்மில் மலையில் மனை வைத்திருப்பவர்கள் முதலில் ஓடையிலிருந்து 100 அடிக்குள் கட்ட மாட்டோம், மரம் வெட்ட மாட்டோம் என்று எழுதிக் கொடுப்போம். விற்கும்போது கிரயப் பத்திரத்திலும் அந்த நிபந்தனையைச் சேர்ப்போம். பிளான்ட் நிதியில் கால் பங்கை, ஓடையோரம் பழைய உறிஞ்சுகுழி வைத்திருக்கும் மலைக் குடும்பங்களுக்கு அதைத் தள்ளிக் கட்டிக்கொள்ளக் கொடுப்போம். மார்ச் 22 கிராம சபையில் இதையே தீர்மானமாகக் கொண்டுவர, ஊரில் இருக்கும் தம்பிகள் மலை ஊராட்சிகளில் பேசிப் பார்க்க வேண்டும்.

என் மனையின் புலப்பட நகலை இணைத்திருக்கிறேன். ஓடைப் பக்கம் சிவப்பு மையில் 100 அடிக்குக் கோடு போட்டிருக்கிறேன். மனையில் பாதிக்கு மேல் அதற்குள் போய்விட்டது. உங்கள் சர்வே எண்களையும் அனுப்புங்கள்.

அன்புடன்,
மேலத் தெரு வாத்தியார் மகன்