சொல் வேண்டும்: நெட் நியூட்ராலிட்டி (சனிக்கிழமைக்குள்)

அனுப்புநர்: பொன்வண்டு
நாள்: 7 ஜனவரி 2025

குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் ஊர்ப் பொங்கல் விழாவில் (சான் ஓசே) நுகர்வோர் உரிமைக்கென்று ஒரு மேசை போடுகிறார்கள். அதில் வைக்க இரண்டு பக்கத் துண்டறிக்கையைத் தமிழாக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் எஃப்சிசியின் (அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம்) நெட் நியூட்ராலிட்டி விதிகள் (இணைப்பு தரும் நிறுவனம் எல்லாத் தளங்களையும் ஒன்றுபோல நடத்தவேண்டும் என்பவை) செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டதல்லவா, அதனால் வீட்டு இணைப்புக்கும் கைப்பேசிக்கும் என்ன ஆகும் என்பதுதான் விஷயம். படிக்கப்போகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளோடு வந்திருக்கும் அப்பா அம்மாக்கள். பகலெல்லாம் யூடியூபில் சீரியல் ஓடும். த்ராட்டில் என்றால் ஸ்கூட்டர் கைப்பிடியைத்தான் நினைப்பார்கள்.

இப்போதைக்குப் போட்டிருப்பவை: நெட் நியூட்ராலிட்டி – இணையச் சமநிலை. த்ராட்டிலிங் – வேகக்குறைப்பு. பெய்டு ப்ரையாரிட்டி – கட்டண முன்னுரிமை. ரிப்பீல் – ரத்து. ஜீரோ ரேட்டிங்குக்கு (சில தளங்களுக்கு ஓடும் டேட்டாவை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விடுவது) ஒன்றும் தோன்றவில்லை. சனிக்கிழமை காலை அச்சுக்குப் போகவேண்டும். கைகொடுங்கள்.


அனுப்புநர்: ஒற்றெழுத்து
நாள்: 7 சனவரி 2025

அம்மா, ‘சமநிலை’ வேண்டாம். இரண்டு தட்டும் ஓய்ந்து நிற்பது சமநிலை. வேதியியல்காரர் அதை எப்போதோ எடுத்துக்கொண்டார், மிச்சத்தை மனநல மருத்துவர் எடுத்துக்கொண்டார். நமக்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறதே!

சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால்
கோடாமை சான்றோர்க் கணி.

ஒருபால் கோடாமை. எஃப்சிசி 2015இல் கேட்டது வேறென்ன? தடுக்காதே, வேகத்தைக் குறைக்காதே, காசு வாங்கிக்கொண்டு முன்னே விடாதே. மூன்றும் கோடாமைதான். ஆகவே ‘இணைய நடுவுநிலைமை’. ‘நடுநிலை’ என்று குறுக்கினாலும் குடி முழுகாது. ஆனால் அந்த ‘வு’ உதிர்ந்த நாளிலிருந்து சொல்லுக்குத் தலையங்க வாடை அடிக்கிறது என்பது என் நெடுநாள் மனக்குறை.

‘ரத்து’ அரபியில் பிறந்து உருது வழியாக வந்தது. சட்டத் தமிழில் ‘நீக்கறவு’ இருக்கிறது. பயன்படுத்துங்கள்.


அனுப்புநர்: கொக்குவிலான்
நாள்: 7 ஜனவரி 2025

ஐயாவுக்கு வணக்கம். ‘நடுநிலை’ எண்டால் எங்கட ஆக்களுக்கு, பக்கம் சேராமல் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறவர் எண்டுதான் விளங்கும். அந்தச் சொல்லை நாங்கள் நிறையக் கேட்டுவிட்டோம். இங்கே கம்பனி ஒதுங்கி இருக்கிறதில்லை; எல்லாம் அதன்ட குழாய்க்குள்ளாலதான் போகுது.

என் முன்மொழிவு ‘நொதுமல்’. நியூட்ரலுக்கு நேரான பழஞ்சொல். நியூட்ரானை ‘நொதுமி’ என்று எழுதினவர்களும் உண்டு. அகப்பாடல்களில் ‘நொதுமலர் வரைவு’ வருகிறது. ‘வலை நொதுமல்’: சின்னச் சொல், வேறு பொருளோடு முட்டாது.

பொன்வண்டு தங்கச்சி, ‘நுகர்வோர்’ எண்டும் போடாதேங்கோ. நுகர்கிறது பூவை. இணையத்துக்கு ‘பாவனையாளர்’தான் பொருத்தம்.


அனுப்புநர்: ஒற்றெழுத்து
நாள்: 8 சனவரி 2025

> சின்னச் சொல், வேறு பொருளோடு முட்டாது

முட்டுகிறது ஐயா, அதுவும் உரையாசிரியரோடு. நடுவு நிலைமைக்குப் பரிமேலழகர் எழுதிய முன்னுரையைப் பாருங்கள்: ‘பகை நொதுமல் நட்பு என்னும் மூன்று பகுதியினும் அறத்தின் வழுவாது ஒப்ப நிற்கும் நிலைமை’. நொதுமல் என்பவன் எதிரே நிற்கும் அயலான். அவனிடமும் பகைவனிடமும் நண்பனிடமும் ஒரே மாதிரி நிற்பவன் வேறு ஆள். நடுவுநிலைமை அவனுடைய குணம். காம்காஸ்ட் என்ற இணைய நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என்பிசி தொலைக்காட்சி அதன் சொந்த நிறுவனம், ஆகவே நட்பு. நெட்ஃபிளிக்ஸ் போட்டி, ஆகவே பகை. நீங்களும் நானும் எழுதும் வலைப்பூ நொதுமல். மூன்றையும் ஒன்றுபோல அனுப்பு என்பது விதி. இதில் நொதுமலை விதிக்கே பெயராக வைத்தால் நோயாளியின் பெயரை மருந்துக்கு வைத்ததாகும்.

பூவை மட்டுமா நுகர்கிறோம்? ‘நுகர்ச்சி’ துய்ப்பு முழுவதற்கும் பொது. இதை நான் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.


அனுப்புநர்: பாக்கெட்
நாள்: 8 ஜனவரி 2025

நெட்வொர்க்கில் குப்பை கொட்டுகிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை.

> த்ராட்டிலிங் – வேகக்குறைப்பு

இது தவறான இடத்தில் போய் நிற்கும். ஊரில் ஜியோவில் அன்றைய 1.5 ஜிபி தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிறதே, அதையும் வேகக்குறைப்பு என்றுதான் சொல்வோம். அது எல்லாத் தளங்களுக்கும் ஒன்றாக விழுகிறது, பிளானிலேயே எழுதியிருக்கிறது. துண்டறிக்கையைப் படிக்கும் மாமா ‘ஓ, டேட்டா தீர்ந்தால் ஆவதுதானே’ என்று மடித்து வைத்துவிடுவார்.

2018இல் கலிபோர்னியாவில் மென்டசீனோ காட்டுத் தீ எரிந்தபோது சாண்டா கிளாரா தீயணைப்புத் துறையின் இணைப்பை வெரைசன் கைப்பேசி நிறுவனம் 200இல் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்த விஷயத்தில் இதே குழப்பம் வந்தது. ‘பார், 2017இல் எஃப்சிசி விதியை நீக்கியதன் பலன்’ என்றார்கள் ஒரு பக்கம். வெரைசனோ ‘வாடிக்கையாளர் சேவையில் நேர்ந்த பிழை, நியூட்ராலிட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை’ என்றது. நிறுவனத்துக்காக வாதாட எனக்கு ஆசையில்லை. ஆனாலும் அது அளவு தீர்ந்ததால் வந்த குறைப்புதான். எந்தத் தளம் என்று பார்த்துச் செய்தது இல்லை.

2007இல் காம்காஸ்ட் செய்தது வேறு வகை. பிட்டொரென்ட் (கோப்புப் பகிர்வு) போக்குவரத்தை மட்டும் அடையாளம் கண்டு இணைப்பை அறுத்தது, வாடிக்கையாளரிடம் மூச்சு விடவில்லை. 2008இல் எஃப்சிசி கண்டித்தது. 2010இல் நீதிமன்றம், உனக்கு அதிகாரமில்லை என்று எஃப்சிசியையே திருப்பி அனுப்பியது. ஏரியில் தண்ணீர் குறைந்தால் ஊருக்கே குறைகிறது. ஒருத்தர் வயல் மடையில் மட்டும் யாரோ ராத்திரி கல்லை வைத்தால்? எங்கள் பக்கம் அதற்கு வெட்டுக்குத்தே நடக்கும். அந்த இரண்டாவதற்கு ஒரு சொல் கொடுங்கள். ‘மடைக்குறைப்பு’?

இன்னொன்று. நடுநிலையோ நொதுமலோ, எந்த ரூட்டரும் அப்படி இல்லை. போன் அழைப்பை மின்னஞ்சலுக்கு முன்னால் அனுப்பித்தான் ஆகவேண்டும். யார் காசு கொடுத்தார், யாருடைய சரக்கு என்று பார்த்து முன்னால் அனுப்பக் கூடாது, அவ்வளவுதான். ஏடி அண்ட் டி கைப்பேசி நிறுவனம் தன் சொந்த வீடியோ தளமான எச்பிஓ மேக்ஸைப் பார்த்தால் டேட்டா கணக்கில் சேர்க்காது, மற்றவற்றைச் சேர்க்கும் என்று வைத்திருந்தது. உங்கள் சொல் பிடிக்கவேண்டியது அந்த இடத்தை.


அனுப்புநர்: ஒற்றெழுத்து
நாள்: 8 சனவரி 2025

பாக்கெட் தம்பி, நீங்கள் அறியாமலே பட்டினப்பாலை பேசிவிட்டீர்கள்! காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பற்றி:

நெடுநுகத்துப் பகல்போல
நடுவுநின்ற நன்னெஞ்சினோர்
வடுவஞ்சி வாய்மொழிந்து
தமவும் பிறவும் ஒப்பநாடிக்
கொள்வதூஉம் மிகைகொளாது
கொடுப்பதூஉம் குறைகொடாது

நுகத்தின் நடுவே அடித்த பகலாணி போல நின்றவர்கள். தம் சரக்கையும் பிறர் சரக்கையும் ஒப்ப நாடியவர்கள். எச்பிஓ மேக்ஸ் ‘தமவும்’, நெட்ஃபிளிக்ஸ் ‘பிறவும்’. வாங்குவதில் மிகை கொள்ளக் கூடாது: சந்தாவும் வாங்கிவிட்டு, விரைவுப் பாதைக்கென்று தளத்திடமும் வாங்கக் கூடாது. கொடுப்பதில் குறை கொடுக்கக் கூடாது: உங்கள் த்ராட்டிலிங். விதிப்புத்தகம் முழுவதும் இந்த ஆறு அடிக்குள் கிடக்கிறது. சட்டப் பேராசிரியர் டிம் வூ 2003இல் நெட் நியூட்ராலிட்டி என்று பெயர் வைத்தார் என்கிறார்கள். உருத்திரங்கண்ணனார் பொருளையே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

என் ‘நடுவுநிலைமை’யை நானே திரும்பப் பெறுகிறேன். சொல்: ஒப்பநாடல். இணைய ஒப்பநாடல்.

நீங்கள் சொன்ன மடை நல்ல சொல். ஆனால் நீரைக் குறைக்க மடையைத்தானே சுருக்குகிறோம்? ‘மடைச்சுருக்கம்’.


அனுப்புநர்: சிலேடை
நாள்: 8 ஜனவரி 2025

ஒப்பநாடல் என்று எங்கள் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். எந்தச் சாதிக்காரர்கள் நடத்தும் திருமணத் தகவல் மையம் என்று கேட்டார்.

ஜீரோ ரேட்டிங்குக்கு என் பங்கு: ‘சுங்கம் தவிர்த்த டேட்டா’. முதல் குலோத்துங்கன் கோபித்துக்கொள்ளாமல் இருந்தால் சரி.


அனுப்புநர்: ஒற்றெழுத்து
நாள்: 9 சனவரி 2025

சிலேடையார் விளையாட்டாகச் சொன்னாலும் பொருள் இருக்கிறது. சுங்கத்துக்குப் பழஞ்சொல் உல்கு. ‘உறுபொருளும் உல்கு பொருளும்’ என்பது குறள். ‘உல்குடைப் பெருவழி’ என்பது பெரும்பாணாற்றுப்படை. இன்றைய டோல் ரோடு. ஆக ஜீரோ ரேட்டிங் ‘உல்கிலா வழி’. ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. குலோத்துங்கன் சுங்கத்தைத் தவிர்த்தது, வேண்டிய வணிகர் ஒருவருக்காக அன்று.


அனுப்புநர்: தெற்குவீதி
நாள்: 9 ஜனவரி 2025

டெக்சாஸிலிருந்து ஒரு எதிர்க்குரல். 2017 டிசம்பர் 14 அன்று அஜித் பாய் தலைமையில் எஃப்சிசி 3–2 வாக்கில் விதிகளை நீக்கியது. 2018 ஜூன் 11 முதல் விதி இல்லை. ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிக் கட்டணம், கேபிள் டிவி மாதிரி தொகுப்பு என்றெல்லாம் அப்போது பயமுறுத்தினார்கள். அப்படி எதுவும் வந்ததா? என் வீட்டில் வேகம் கூடித்தான் இருக்கிறது. கடுமையான விதி இருந்தால் கேபிள் புதைக்க எவரும் முதல் போடமாட்டார் என்று பாய் சொன்னதில் எனக்கு உடன்பாடு உண்டு. அன்றைய ஆணைக்கே ‘இணையச் சுதந்திரத்தை மீட்டல்’ என்றுதான் பெயர்.

‘ஒப்ப’, ‘சம’ என்று எதைப் போட்டாலும் நீக்கியவர் அநியாயக்காரர் என்று சொல்லிலேயே தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது. ஒருபால் கோடாமை அகராதிக்காரருக்கும் வேண்டாமா? ‘நெட் நியூட்ராலிட்டி’ என்று தமிழ் எழுத்தில் போட்டுவிட்டு, கீழே இரண்டு வரி விளக்கம் எழுதுங்கள். போதும்.


அனுப்புநர்: பாக்கெட்
நாள்: 9 ஜனவரி 2025

> அப்படி எதுவும் வந்ததா?

தளத்தை அடைக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு விதி தேவையே இல்லை என்று பொருளா? 2018 செப்டம்பரிலேயே கலிபோர்னியா எஸ்பி 822 என்ற தன் சொந்த நெட் நியூட்ராலிட்டி மசோதாவைச் சட்டமாக்கிவிட்டது. நிறுவனங்கள் வழக்குப் போட்டு 2022இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றன. ஒரு மாநிலத்துக்குத் தனியாக நெட்வொர்க் நடத்துவது லேசில்லை. ஏடி அண்ட் டி தன் கணக்கில்-சேராத சலுகையை 2021இல் நாடு முழுக்க நிறுத்தியது அந்தச் சட்டத்தால்தான். ‘இலவசமாகக் கிடைத்ததைப் பிடுங்கிவிட்டார்கள்’ என்று வாடிக்கையாளர்கள் கத்தினார்கள், அதுவும் உண்மை. நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் சோதித்தபோது கைப்பேசி நிறுவனங்கள் வீடியோவை மட்டும், நெரிசலே இல்லாத நடுராத்திரியிலும் குறைத்தது தெரிந்தது. பார்ப்பவருக்குப் படம் கொஞ்சம் மங்கும். நம் கண்ணாடிதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்.

விதியை நீக்குமுன் மக்கள் கருத்தைக் கேட்டோம் என்று எஃப்சிசி சொன்னதே, 2017இல் வந்த சுமார் 2.2 கோடிக் கருத்துரைகளில் ஏறக்குறைய 1.8 கோடி போலி என்று நியூயார்க் அட்டர்னி ஜெனரல் 2021இல் அறிக்கை கொடுத்தார். போலி இரண்டு பக்கத்திலும் இருந்தது. நீக்கத்தை எதிர்த்த போலிகளில் 77 லட்சத்தை ஒரே கல்லூரி மாணவன் தயாரித்திருந்தான்.


அனுப்புநர்: கொக்குவிலான்
நாள்: 9 ஜனவரி 2025

ஜீரோ ரேட்டிங் பற்றி. இலங்கையில் வாட்ஸ்அப்புக்கு ஒரு பக்கேஜ், யூடியூபுக்கு ஒரு பக்கேஜ் எண்டு விக்கிறது வழமை. அதை வாங்குறவர் ஒருவரும் தனக்கு அநீதி நடக்குது எண்டு நினைக்கிறதில்லை. மலிவு எண்டுதான் நினைக்கினம். ‘உல்கிலா வழி’ எண்டால் அந்த மலிவுக்கு நாங்களே பாட்டுப் பாடின மாதிரி. சொல்லில அந்தப் பொறி தெரியவேணும். நொதுமலை நான் இன்னும் கைவிடவில்லை.


அனுப்புநர்: பொன்வண்டு
நாள்: 10 ஜனவரி 2025

எல்லோருக்கும் நன்றி. தலை சுற்றுகிறது.

ஒரு நடைமுறைச் சிக்கல், இதுவரை யாரும் தொடவில்லை. 2017இல் நடந்ததும் இப்போது நடந்ததும் ஒன்றில்லை. அப்போது ஆணையமே தன் விதியை நீக்கியது. 2024 ஏப்ரலில் அதே ஆணையம் 3–2 வாக்கில் திரும்பக் கொண்டுவந்தது. இப்போது நீதிமன்றம் அதைச் செல்லாது என்கிறது. ‘ரத்து’ இரண்டுக்கும் பொதுவாக இருக்கிறது. அதனால் முதலாவதற்கு ‘நீக்கம்’, இரண்டாவதற்கு ‘செல்லாது என்ற தீர்ப்பு’ என்று பிரித்துவிட்டேன். நீக்கறவு அழகுதான் ஐயா, அறுபத்தைந்து வயது ஆண்ட்டி அதை உறவுமுறை என்று படிப்பார்.

தீர்ப்பின் அடிப்படை இன்னும் மோசம். இணைய இணைப்பு ‘தகவல் சேவை’யா, 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி ‘தொலைத்தொடர்புச் சேவை’யா என்பதுதான் முழு வழக்கும். பின்னதாக இருந்தால்தான் எல்லோர் சரக்கையும் ஏற்றும் கடமை வரும். தகவல் சேவை என்று நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. தமிழில் இரண்டும் அண்ணன் தம்பி போல நிற்கின்றன. ஒன்றில் பாதுகாப்பு உண்டு, மற்றதில் இல்லை என்று எந்தச் சொல்லும் காட்டித் தராது. அதற்கு ஒரு பத்தியே எழுதிவிட்டேன்.

கடைசியாக: இணையச் சமநிலை. தளம் பார்த்து வேகக்குறைப்பு (மடை எங்கள் வீட்டிலேயே எடுபடவில்லை, மடையன் ஞாபகம் வருகிறதாம்). கட்டண முன்னுரிமை. ஜீரோ ரேட்டிங்குக்கு ‘கணக்கில் சேர்க்காத டேட்டா’. ‘கலிபோர்னியாவில் மாநிலச் சட்டம் தொடர்கிறது’ என்பதைத் தடித்த எழுத்தில் மேலே போட்டிருக்கிறேன். மேசைக்கு வருபவர்களுக்கு வேண்டியது அதுதான்.


அனுப்புநர்: மட்டுறுத்துநர்
நாள்: 10 ஜனவரி 2025

இழை நீண்டுவிட்டதால் கணக்கெடுத்தேன். சமநிலைக்கு நான்கு, நடுநிலைக்கு இரண்டு, ஒப்பநாடலுக்கு ஒன்று, நொதுமலுக்கு ஒன்று, அப்படியே எழுதலாம் என்பவர் ஒருவர். ‘வேறு வழியில்லாததால்’ என்று எழுதி வாக்களித்தவர்களையும் சமநிலையில் சேர்த்திருக்கிறேன். நுகர்வோர்–பாவனையாளர் விவாதத்துக்குத் தனி இழை தொடங்கவும்.


அனுப்புநர்: ஒற்றெழுத்து
நாள்: 12 சனவரி 2025

பெரும்பான்மைக்குத் தலை வணங்குகிறேன். என் குறிப்பேட்டில் ஒப்பநாடல் என்றே இருக்கும்.

பொன்வண்டு அம்மா அனுப்பிய அச்சுப் படியைப் பார்த்தேன். தலைப்பில் ‘இணைய சமநிலை’ என்று இருக்கிறது. சொல்லில்தான் தோற்றேன், அந்த ‘ச்’சையாவது போட்டிருக்கலாம். மறுபதிப்பு உண்டா?