ஒரே எம்.2 ஸ்லாட் கேமிங் லேப்டாப்: 512 ஜிபியிலிருந்து 2 டிபிக்கு மாறுவது எப்படி?

இரவுக்குருவி:
512 ஜிபி எஸ்எஸ்டி நிறைந்துவிட்டது. உள்ளே எஸ்எஸ்டி செருக ஒரே ஒரு எம்.2 ஸ்லாட், ஜென் 3 (மூன்றாம் தலைமுறை வேகம்). அதில் இன்னும் வேகமான ஜென் 4 டிரைவ் 2 டிபி போட்டால் வேலை செய்யுமா? விண்டோஸ் 11-ஐ மறுபடி போடாமல் அப்படியே மாற்ற வழி உண்டா?

திருப்புளி:
தாராளமாக வேலை செய்யும். வேகம் மட்டும் ஸ்லாட்டின் வரம்பில், நொடிக்கு 3,500 எம்பி சுமாரில் நின்றுவிடும். கேம் லோடாவதில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் தெரியவே தெரியாது. அதைவிட அளவைப் பாருங்க. 2280 என்றால் 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம். சில மாடல்களில் 2242 மட்டும்தான் உட்காரும். இரு பக்கமும் சிப் உள்ள டிரைவ் மெல்லிய லேப்டாப்பில் அடியில் இடிக்கும், தவிர்த்துடுங்க.

குளோன் செய்ய, அதாவது பழைய டிரைவை விண்டோஸோடு அப்படியே புதியதில் நகலெடுக்க, யூஎஸ்பி என்விஎம்இ என்க்ளோஷர் (புது டிரைவை வைத்து யூஎஸ்பியில் இணைக்கும் கூடு) வேண்டும். சாட்டா (பழைய, மெதுவான வகை) டிரைவை மட்டும் எடுப்பதும் பார்க்க அச்சு அசல் இதே மாதிரிதான் இருக்கும், பெட்டியைப் படிச்சு வாங்குங்க. முதலில் பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் என்கிரிப்ஷன்) ரிகவரி கீயை வெளியே எழுதி வைத்து, என்கிரிப்ஷனை அணைத்து, டிக்ரிப்ட் முழுக்க முடியும்வரை பொறுங்க. ஹோம் எடிஷனிலும் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் இது சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கலாம்.

குளோன் முடிந்ததும் லேப்டாப்பை அணைத்து அடி மூடியைத் திறங்க; முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. டிரைவை 30 டிகிரி சாய்வில் செருகி, அழுத்திப் படுக்க வைத்து ஸ்க்ரூ போடுங்க. மூடி ஸ்க்ரூக்கள் ஒரே நீளமாக இருக்காது. எது எங்கிருந்து வந்தது என்று கழற்றும்போதே வரிசையாக வையுங்க. குட்டை இடத்தில் நீளமானது போனால் மேல்பக்க பிளாஸ்டிக் புடைத்துவிடும்.

நீலத்திரை:
குளோன் முடிந்ததும் 'சி டிரைவ் இன்னும் 475 ஜிபிதான் காட்டுது' என்று நிற்பீங்க. சி-க்கு அடுத்து ரிகவரி பார்ட்டிஷன் (விண்டோஸ் பழுதுபார்ப்புக்கான பகுதி) குறுக்கே கிடக்கும், காலி இடம் அதற்கும் அப்பால். அதனால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் சி-யை நீட்டும் 'எக்ஸ்டெண்ட்' மங்கிப்போயிருக்கும். குளோன் மென்பொருளிலேயே ரிகவரியைக் கடைசிக்குத் தள்ளி சி-யை நீட்டிடுங்க. மொத்தம் 1.81 டிபி காட்டினால் பதற வேண்டாம், 2 டிபி டிரைவை விண்டோஸ் அப்படித்தான் கணக்கிடும்.

என்னைக் கேட்டால் புது இன்ஸ்டால்தான் சுத்தம். லேப்டாப்போடு வந்த லைசன்ஸ் டிரைவ் மாறினால் போகாது. பயாஸில் இன்டெல் விஎம்டி (டிரைவ்களை நிர்வகிக்கும் அமைப்பு) ஆன் ஆகியிருந்தால் மட்டும் இன்ஸ்டாலரில் டிரைவே தெரியாமல் போகலாம். அதற்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவர் மென்பொருளைப் பென் டிரைவில் வைத்து 'லோட் டிரைவர்' கொடுங்க. குளோன் வழி போனால் பயாஸில் விஎம்டி பக்கமே போகாதீங்க, அதை மாற்றினால் பூட் ஆகாது.

இரவுக்குருவி:
நன்றி. பழைய டிரைவில் ஒட்டியிருக்கும், வெப்பம் கடத்தும் தெர்மல் பேடையே திரும்பப் போடலாமா?

திருப்புளி:
கிழியாமல் வந்தால் போடலாம். புதுசு வாங்கினால் அதே தடிமன்: கூடினால் டிரைவ் வளையும், குறைந்தால் வெப்பத்தை வாங்கும் ஹீட்சிங்கைத் தொடாது. டிரைவின் ஸ்டிக்கரை உரிக்காதீங்க, வாரண்டி போயிடும். புது டிரைவிலிருந்து முதல் தடவை பூட் ஆகும்போது பழையதை யூஎஸ்பியில் சொருகி வைக்காதீங்க. இரண்டிலும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் குழம்பும்.